ஐ.நா.வில் ரஷ்யனுக்கு நாற்காலி போட்டது யார்? (வாசகர் கேள்வி – பதில்)

ஐ.நா. சபை ஆண்டுதோறும் ஜூன் 6-ஐ ரஷ்ய மொழி நாளாகக் கொண்டாடுகிறது என்று போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேர் "தமிழுக்கு ஏன் இல்லை" என்று என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள், என்னவோ அந்தப் பட்டியலை நான் போட்ட மாதிரி. சரி, இந்த வாரம் முழுக்க அதற்கே. கிரிக்கெட் கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

ரஷ்ய மொழிக்கு ஐ.நா.வில் இடம் எப்படிக் கிடைத்தது? இலக்கியப் பெருமையாலா, பேசுகிறவர்களின் எண்ணிக்கையாலா?
— மதுரை வாசகர்

இரண்டாலும் இல்லை சார். சண்டையில் ஜெயித்ததால்.

முதல் உலகப்போர் முடிந்து ஜெனீவாவில் ஒரு சர்வதேச சங்கம் இருந்ததே, அதில் ஆங்கிலமும் பிரெஞ்சும்தான் ராஜாங்கம் நடத்தின. சோவியத் யூனியன் 1934-ல் உறுப்பினராகச் சேர்ந்த பிறகும் ரஷ்யனுக்கு அங்கே இடம் இல்லை. டால்ஸ்டாயும் தஸ்தயேவ்ஸ்கியும் அப்போதே உலகப் புகழ் பெற்றவர்கள்தானே, அந்தப் புகழ் ஒரு நாற்காலியைக்கூட வாங்கித் தரவில்லை. பதினோரு வருஷம் கழித்து, 1945-ல், பெர்லினில் செங்கொடி ஏறியிருந்த நேரத்தில் சான் பிரான்சிஸ்கோவில் உட்கார்ந்து ஐ.நா. சாசனம் எழுதினார்கள். அதன் 111-ஆவது பிரிவைப் பாருங்கள்: சீனம், பிரெஞ்சு, ரஷ்யன், ஆங்கிலம், ஸ்பானிஷ் ஆகிய ஐந்து மொழிப் பிரதிகளும் சமமான மூலங்கள் என்று இருக்கும். அதே வருஷக் கடைசியில் நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பர்க் விசாரணை தொடங்கியது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன் நான்கிலும் காதில் மாட்டிய கருவி வழியாக உடனுக்குடன் மொழிபெயர்ப்பு ஓடியது. இன்றைக்கு எந்தச் சர்வதேசக் கூட்டத்திலும் பார்க்கிற அந்த ஏற்பாடு, அதாவது மொழிபெயர்ப்பாளர்கள் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பேசுவது, பெரிய அளவில் சூடுபிடித்தது அங்கேதான்.

ஆனால் உள்ளே விட்டதும் சமமாக உட்கார வைத்துவிடவில்லை. 'அதிகாரபூர்வ மொழி' வேறு, அன்றாட வேலை நடக்கிற 'வேலை மொழி' வேறு. பொதுச்சபையின் வேலை மொழிகள் முதலில் ஆங்கிலமும் பிரெஞ்சும், 1948-ல் ஸ்பானிஷ் சேர்ந்தது. ரஷ்யனுக்கு அந்த அந்தஸ்து கிடைத்தது 1968-ல். ஸ்புட்னிக் விட்டு, ககாரினை விண்வெளிக்கு அனுப்பி, அணுகுண்டு வைத்திருந்த ஒரு வல்லரசே இருபது வருஷத்துக்கு மேல் காத்திருந்தது! செயலகத்தில் இன்றைக்கும் வேலை மொழி ஆங்கிலமும் பிரெஞ்சும்தான்.

ஜூன் 6 எதற்கு என்றும் கேட்டிருந்தீர்கள். கவிஞர் புஷ்கின் பிறந்த நாள், 1799. பழைய காலண்டர்படி அது மே 26. மொழி நாள் கொண்டாட்டத்தை ஐ.நா. 2010-ல்தான் ஆரம்பித்தது.

'ரஷ்ய மொழிக்கான சர்வதேச அமைப்பு' என்று ஒன்று புதிதாக வந்திருப்பதாகப் படித்தேன். இது ரஷ்யாவின் பிரச்சாரக் கடைக்கு இன்னொரு போர்டுதானே?
— கோவை வாசகர்

பாதி சரி. மீதிப் பாதிதான் சுவாரசியம், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ரஷ்யாவுக்கு இந்த வேலைக்குச் சொந்தக் கடைகள் ஏற்கெனவே நிறைய உண்டு. ரஷ்யன் சொல்லித்தரும் ஆசிரியர்களின் உலகச் சங்கம் ஒன்று 1967-ல் பாரீஸில் ஆரம்பித்தது, மாஸ்கோவில் புஷ்கின் பெயரில் மொழி நிறுவனம் 1966-லிருந்து இருக்கிறது. புதின் 2007-ல் 'ரூஸ்கி மீர்' அறக்கட்டளையைத் தொடங்கினார், மறு வருஷம் 'ரோஸ்சோத்ருத்னிசெஸ்த்வோ' என்று வாயில் நுழையாத பெயரில் ஓர் அரசு முகமை வந்தது. சென்னை ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையில் 'ரஷ்யன் ஹவுஸ்' பார்த்திருப்பீர்கள், அது இந்த முகமையின் கிளைதான். உக்ரைன் போர் வந்ததும் 2022 ஜூலையில் ஐரோப்பிய யூனியன் ரூஸ்கி மீர், இந்த முகமை இரண்டின் மேலும் தடை போட்டது. அதாவது ரஷ்யா தன் பெயரில் மொழியைத் தூக்கிக்கொண்டு போனால் பல ஊர்களில் கதவு திறக்காது என்ற நிலை.

அந்த நேரம் பார்த்து, அதே வருஷம் அக்டோபரில், ரஷ்ய மொழிக்கு ஒரு சர்வதேச அமைப்பு வேண்டும் என்று ஒருவர் யோசனை சொன்னார். ரஷ்ய அதிபர் இல்லை, கஜகஸ்தான் அதிபர் டோக்காயேவ். முன்னாள் சோவியத் நாடுகளின் கூட்டமைப்பான சி.ஐ.எஸ். உச்சிமாநாடு அஸ்தானாவில் நடந்தபோது சொன்னார். மறு வருஷம், 2023 அக்டோபரில், பிஷ்கெக் மாநாட்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தலைமையகம் ரஷ்யாவின் சோச்சி நகரம் என்று முடிவானது. எந்த நாடும் சேரலாம்.

கஜகஸ்தானுக்கு ஏன் இந்த வேலை என்று தோன்றுகிறதல்லவா? அந்த ஊர்க்காரர்களுக்கு ரஷ்யன் தானாக வந்து ஒட்டிய மொழி இல்லை. 1938-ல் சோவியத் பள்ளிகள் எல்லாவற்றிலும் ரஷ்யனைக் கட்டாயப் பாடமாக்கி ஆணை வந்தது. கஜாக் மொழியின் எழுத்தையே பத்து வருஷ இடைவெளியில் இரண்டு தடவை மாற்றினார்கள்: அரபியிலிருந்து லத்தீனுக்கு, 1940-ல் லத்தீனிலிருந்து ரஷ்யர்களின் சிரிலிக்குக்கு. ஒரே வீட்டில் தாத்தா ஓர் எழுத்தில், அப்பா இன்னொன்றில், பேரன் மூன்றாவதில் படித்திருப்பார்கள், தாத்தா எழுதி வைத்ததைப் பேரனால் வாசிக்க முடியாது. இதையெல்லாம் மறக்காமல்தான் அவர்கள் 2017-ல் மறுபடி லத்தீன் எழுத்துக்குப் போகும் திட்டத்தை அறிவித்தார்கள் (தேதி தள்ளிக்கொண்டே போகிறது, அது தனிக்கதை).

அப்படிப்பட்ட நாடு ஏன் ரஷ்யனுக்கு அமைப்பு கேட்கிறது? நான் புரிந்துகொண்டது இது: மொழி ஒரு சர்வதேச அமைப்பின் பொதுச்சொத்து ஆகிவிட்டால், அது மாஸ்கோவுக்கு மட்டும் சொந்தம் இல்லை. 'ரஷ்யன் பேசுகிறவர்களைக் காப்பாற்றுகிறோம்' என்று சொல்லிக்கொண்டு இன்னொருத்தர் வீட்டுக்குள் படையோடு நுழைவதற்கு இருக்கிற சாக்கு கொஞ்சம் குறையும். உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கியே ரஷ்யன் பேசி வளர்ந்தவர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். டோக்காயேவ் ஜெனீவாவில் ஐ.நா. அலுவலகத்துக்குத் தலைவராக இருந்தவர், இந்த மாதிரி நாற்காலிக் கணக்கு அவருக்கு அத்துப்படி.

இதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. பிரெஞ்சு பேசும் நாடுகளின் அமைப்புக்கு 1970-ல் நைஜரின் நியாமே நகரத்தில் விதை போட்டவர்கள் யார்? செனகலின் செங்கோர், துனீசியாவின் போர்கிபா, நைஜரின் டியோரி. எல்லாரும் பழைய காலனி நாட்டுத் தலைவர்கள், பாரீஸ்காரர்கள் ஆரம்பத்தில் இதில் பெரிய ஆர்வம் காட்டவில்லை.

அதே தந்திரம் ரஷ்யனுக்குப் பலிக்குமா? எனக்குச் சந்தேகம்தான். தலைமையகம் சோச்சியில் இருந்தால் சாவி யார் இடுப்பில் தொங்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். ரஷ்யனை இரண்டாவது அரசுமொழி ஆக்கலாமா என்று லாட்வியாவில் 2012-ல் மக்களிடம் வாக்கெடுத்தார்கள், ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். அந்த மொழி பேசுகிறவர்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கும்போதுதான் இந்த முடிவு. திணிக்கப்பட்ட மொழி என்ற நினைப்பு ஒரு தடவை மனதில் விழுந்தால் என்ன ஆகும் என்று 1965 பார்த்த ஊருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பில் இந்தியா இருக்கிறது. அங்கே நம்மவர்கள் எந்த மொழியில் பேசுகிறார்கள்?
— சேலம் வாசகி

அமைப்பின் அதிகாரபூர்வ மொழி இரண்டே இரண்டு: ரஷ்யன், சீனம். இந்தியாவும் பாகிஸ்தானும் 2017-ல் சேர்ந்தபோது அதற்கு ஒத்துக்கொண்டுதான் சேர்ந்தன. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நம் அதிகாரிகளுக்கு நடக்காது. 2023 மே மாதம் கோவாவில் வெளியுறவு அமைச்சர்கள் கூடியபோது, ஆங்கிலத்தை மூன்றாவது மொழியாகச் சேருங்கள் என்று ஜெய்சங்கர் வெளிப்படையாகவே கேட்டார். இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே மொழியை விரும்புகிற அபூர்வமான இடம் அது!

என் இளவயதில் மாஸ்கோவிலிருந்து தமிழில் அச்சாகி வந்த புத்தகங்களை அள்ளி அள்ளிப் படித்தோம். அதைவிடவா இந்த அமைப்புகள் மொழியை வளர்த்துவிடப் போகின்றன?
— திருச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஐயா, நீங்கள் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. வழவழ தாள், கெட்டி அட்டை, விலை பார்த்தால் டீ, வடை காசு. முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா பதிப்பகம் என்று முதல் பக்கத்தில் போட்டிருக்கும். நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் ஊர் ஊராகக் கொண்டுவந்து விற்றது. நம்மூர் ஆட்களை மாஸ்கோவுக்கே அழைத்துக் குடிவைத்து மொழிபெயர்க்க வைத்தார்கள்.

ஆனால் கவனித்தீர்களா, அது ரஷ்ய மொழியைப் பரப்பிய வேலை இல்லை. ரஷ்யக் கதையைத் தமிழில் பரப்பிய வேலை. பனிக்கட்டியை வாழ்நாளில் பார்க்காத நம்மாள் ஸ்டெப்பிப் புல்வெளியில் பனிப்புயல் அடிப்பதைப் படித்துக் கண் கலங்கினான், பிள்ளைக்கு லெனின் என்றும் வாலன்டினா என்றும் பெயர் வைத்தான். ரஷ்ய எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது. அதற்குத் தேவையும் வரவில்லை. ஹங்கேரியில் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரையும் கட்டாயமாக ரஷ்யன் படிக்க வைத்தார்கள், 1989-ல் கட்டாயம் போனதும் அந்த வகுப்புகள் காலியாயின. அங்கே மொழி கிடைத்தது, பிரியம் கிடைக்கவில்லை. இங்கே நேர்மாறு. எது புத்திசாலித்தனம் என்றால் நான் நம்மூர்ப் பக்கம்தான் கையைத் தூக்குவேன்.

1991-ல் சோவியத் யூனியன் உடைந்ததும் அந்தப் புத்தகங்களும் நின்றன. அப்புறம் ஒன்று, இந்தப் போக்குவரத்து ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அலெக்சாந்தர் துப்யான்ஸ்கி என்ற பேராசிரியர் பல்லாண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்தார், சங்கப் பாடல்களில் ஊறியவர். 2020-ல் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது.

ரஷ்யன் படித்தால் வேலை உண்டா?
— சென்னை, கல்லூரி மாணவர்

விண்வெளிக்குப் போகிற உத்தேசம் இருந்தால் உண்டு. விளையாட்டில்லை. 2011-ல் அமெரிக்கா தன் ஷட்டிலை நிறுத்தியது முதல் 2020 வரை சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு ஆள் ஏற்றிப்போக சோயூஸைத் தவிர வேறு வண்டி இல்லை. சோயூஸுக்குள் பொத்தானிலிருந்து கையேடு வரை எல்லாம் ரஷ்யன். அதனால் நாசா ஆட்களும் வாய் வலிக்க வலிக்க அதைப் படித்தார்கள். ககன்யானுக்குத் தேர்வான நம் நான்கு விமானிகளும் 2020-21-ல் மாஸ்கோ பக்கத்தில் ககாரின் மையத்தில் பயிற்சி எடுத்தவர்கள்தான், அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர்.

பூமியிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் மொழிபெயர்ப்பு, சுற்றுலா, பாதுகாப்புத் துறை, அப்புறம் 1988 ஒப்பந்தத்திலிருந்து ரஷ்யத் தொழில்நுட்பத்தில் நடக்கிற கூடங்குளம். ரஷ்யனை மட்டும் நம்பி இறங்காதீர்கள், கையில் இன்னொரு தொழிலும் இருக்கட்டும்.

மகளுக்கு ரஷ்யாவில் எம்.பி.பி.எஸ். சீட் கிடைத்திருக்கிறது. "எல்லாம் இங்கிலீஷ் மீடியம், ரஷ்யனே வேண்டாம்" என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?
— நாகர்கோவில், ஒரு தாய்

முதல் பாதியை எழுத்தில் வாங்குங்கள் அம்மா. வெளிநாட்டில் படித்துவிட்டு இங்கே டாக்டராகப் பதிய வேண்டும் என்றால் 54 மாதப் படிப்பும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், பன்னிரண்டு மாதப் பயிற்சியும் அதே கல்லூரியில் முடிக்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதி சொல்கிறது. பாதியில் ரஷ்ய மீடியத்துக்கு மாற்றுகிற கல்லூரி என்றால் பணமும் போச்சு, வருஷமும் போச்சு.

இரண்டாவது பாதி, அந்த "ரஷ்யனே வேண்டாம்", சுத்தப் பேத்தல். பாடம் நடத்துகிறவர் ஆங்கிலம் பேசுவார், வார்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிற பாட்டி பேச மாட்டாரே! அவரிடம் "க்தே பலீத்?" என்றுதான் கேட்க வேண்டும். "எங்கே வலிக்கிறது?" என்று அர்த்தம். பதிலும் ரஷ்யனில்தான் வரும், அதுவும் பாட்டி வேகத்தில். போவதற்கு முன்னால் இருக்கிற மாதங்களில் எழுத்தையாவது கற்றுக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

ஐ.நா.வில் தமிழ் எப்போது?
— இந்தக் கேள்வியை அனுப்பியவர்கள் முப்பத்திரண்டு பேர்

வழி என்னவோ இருக்கிறது, நடந்தும் இருக்கிறது. ஆரம்பத்தில் இல்லாமல் பிறகு சேர்ந்த ஒரே மொழி அரபி, 1973 டிசம்பர் 18. அந்த வருஷம் எண்ணெயை வைத்து அரபு நாடுகள் உலகத்தையே உலுக்கிக்கொண்டிருந்தன. முதல் மூன்று வருஷச் செலவை நாங்களே ஏற்கிறோம் என்றும் சொன்னார்கள். செலவு என்றால் சும்மா இல்லை. ஒரு கூட்டத்துக்கு ஒவ்வொரு மொழிக் கூண்டிலும் இரண்டு பேர், அரபிக்கும் சீனத்துக்கும் மூன்று பேர். அரை மணிக்கு மேல் ஒருவரால் தொடர்ந்து மொழிபெயர்க்க முடியாது, மாறி மாறி உட்கார வேண்டும். அதற்கு மேல் மலைமலையாகக் காகிதங்கள். மற்ற அமைப்புகளிலும் இந்தக் கணக்குதான். நம் கோவை பம்ப்செட் கம்பெனிகள் வாசலில் போர்டு மாட்டுகிற ஐ.எஸ்.ஓ. அமைப்புக்கு ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன் மூன்று அதிகாரபூர்வ மொழிகள் உண்டு. ரஷ்யப் பதிப்பை ரஷ்யாவின் தர அமைப்பே தயாரித்துக் கொடுக்கிறது.

இந்திக்கே கதவு திறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் மக்களவையில் சுஷ்மா ஸ்வராஜ் விளக்கினார்: 193 நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 129 ஓட்டு வேண்டும். செலவை மற்ற நாடுகளும் சுமக்க வேண்டும், அதனால் சின்ன நாடுகள் தயங்குகின்றன. அப்போது சசி தரூர் எழுந்து, நாளைக்குத் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் பிரதமரானால் அவர் ஏன் அங்கே போய் இந்தியில் பேச வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பேசுவதற்கு மட்டும் என்றால் இன்றைக்கே தடை இல்லை. எந்த மொழியிலும் பேசலாம், ஆறு மொழிகளில் ஒன்றுக்கு மொழிபெயர்ப்பை நாமே ஏற்பாடு செய்ய வேண்டும், அவ்வளவுதான். 1977-ல் வாஜ்பாய் இந்தியில் பேசியது அந்த விதியில்தான். 2019-ல் மோடி தன் உரைக்கு நடுவே கணியன் பூங்குன்றனாரின் "யாதும் ஊரே யாவரும் கேளிர்" வரியைச் சொன்னதும் ஞாபகம் இருக்கும்.

எனக்குக் கேட்டால் பொதுச்சபை நாற்காலியைவிட சின்ன நாற்காலிகள் மேல். 1967-ல் யுனெஸ்கோ தன் 'கூரியர்' பத்திரிகையைத் தமிழிலும் வெளியிட ஆரம்பித்தது. அப்போது அங்கே துணைத் தலைமை இயக்குநர் வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேஷய்யா. 129 ஓட்டு தேவைப்படவில்லை. ஆறாங்கிளாஸ் பையன்கூட நூலகத்தில் அதைப் புரட்டினான், அந்தப் பையன்களில் நானும் ஒருவன்.

ரஷ்யன் தமிழனுக்குக் கஷ்டமா?
— புதுச்சேரி வாசகி

எழுத்தைப் பார்த்து மிரளாதீர்கள், 33-தான். 247 பார்த்தவர்கள் நாம்! ஏமாற்றுகிற எழுத்துகள் சில உண்டு. ஒரு கடை வாசலில் ஆங்கிலத்தில் பி, ஈ, சி, டி, ஓ, பி, ஏ, எச் மாதிரி எழுதியிருக்கும், 'பெக்டோபா' என்று வாசித்துவிட்டுத் தாண்டிப் போய்விடுவீர்கள். அது 'ரெஸ்தரான்'. பசியோடு போனால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஆங்கிலம் வழியாகப் படிக்காமல் தமிழ் வழியாகப் படித்துப் பாருங்கள், பல இடங்களில் சிரிப்பு வரும். "இது வீடு" என்று நாம் இரண்டு சொல்லில் முடிக்கிறோம், அவர்களும் "எத்த தோம்" என்று இரண்டு சொல்லில் முடிப்பார்கள், நடுவில் ஆங்கிலத்து 'இஸ்' எதுவும் கிடையாது. "என்கிட்ட இருக்கு" என்பதை அப்படியே "உ மின்யா யெஸ்த்" என்பார்கள். "எனக்குக் குளிருது" என்றால் அங்கேயும் 'எனக்கு'தான், 'நான்' இல்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் வேற்றுமை உருபைக் கண்டு அலறுவார்கள், ரஷ்யனுக்கு ஆறு, நமக்கு எட்டு. பெயரோடு அப்பா பெயரைச் சேர்க்கிற பழக்கமும் இருக்கிறது, நாம் இனிஷியலாக முன்னால் போடுவதை அவர்கள் நடுவில் முழுசாக எழுதுவார்கள்.

கஷ்டம் வேறு இடத்தில். நமக்கு 'போ' ஒன்று போதும். அவர்களுக்கு நடந்து போவது ஒரு சொல், வண்டியில் போவது வேறு சொல், ஒரு தடவை ஒரு பக்கம் போவதற்கும் தினமும் போய்வருவதற்கும் தனித்தனி. கல்லூரி முடித்த காலத்தில் நான் ஒரு மாலை வகுப்பில் ஐந்தாறு மாதம் படித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் வாத்தியார் என்னை எழுப்பி, "நான் வகுப்புக்குப் போகிறேன்" என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். "நடந்தா, பஸ்ஸிலா?" என்றார். பஸ்ஸில் என்று மாற்றினேன். "இன்றைக்கு மட்டுமா, தினமுமா?" என்றார். நான் யோசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது, மறுநாள் நான் போகவே இல்லை.